தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போன பிறகு…

"தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு" என்று சொல்லாத வீடு நம் பக்கத்தில் இருக்காது. மாடிப்படியில் வழுக்கி, கைப்பிடியைப் பிடித்துத் தப்பினால் சொல்வோம். டவுன் பஸ் சட்டையை உரசிக்கொண்டு போனால் சொல்வோம். ஒரு பெருமூச்சு, ஒரு டம்ளர் தண்ணீர், அத்தோடு விஷயம் முடிந்தது. அது தலைக்கு ஏன் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. நாளைக்கு அதே இடத்தில் நிற்கப் போகிறவன் தலையில் தலைப்பாகை இருக்குமா என்றும் கேட்பதில்லை. வீட்டில் சொல்லிவிட்டுப் போகட்டும். தொழிற்சாலையில் இதைச் சொல்லி ஒரு விஷயத்தை மூடுவது, என்னைக் கேட்டால், குற்றம்.

இப்படி நூலிழையில் தப்பியதற்குத் தொழிற்சாலைகளில் 'நியர் மிஸ்' என்று பெயர். எங்கள் ஷாப்பில் முதன்முதலாக இதைப் பற்றி வகுப்பு எடுத்தபோது ஒரு கலாசி எழுந்து, "யார் சார் அந்த மிஸ்?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. வகுப்பு எடுத்த அதிகாரிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அர்த்தம் எளிதுதான். அடி இல்லை, ரத்தம் இல்லை, பொருள் சேதமும் இல்லை. ஆனால் ஒரு விநாடி முன்னே பின்னே ஆகியிருந்தால் எல்லாமே இருந்திருக்கும். அதைச் சொன்னால், எழுதி வைத்தால், அடுத்த முறை நடக்காமல் தடுக்கலாம். ஒரு பைசா நஷ்ட ஈடு கொடுக்காமல், ஒரு வீட்டில் ஒப்பாரி கேட்காமல் கிடைக்கிற பாடம் இது. இலவசமாகக் கிடைக்கிற இந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ள மாட்டோம் என்று பிடிவாதமாக இருக்கிறோம். எனக்கு ஆத்திரம் வருவது அதனால்தான்.

இந்த வயதில் ஆத்திரம் எதற்கு என்று கேட்பீர்கள். என் தங்கை மகன் ஒரு தொழிற்சாலையின் கிடங்கில் வேலை பார்க்கிறான். போன மாதம் ஒரு ஃபோர்க் லிஃப்ட் பின்பக்கமாக வந்து, அவனுக்கும் ரேக்குக்கும் நடுவே ஒரு முழம் இடம் இருக்கும்போது நின்றது. வண்டியின் பின் ஹாரன் அடிக்கவில்லை. பயல் படித்தவன், பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி அன்றைக்கே படிவம் நிரப்பிக் கொடுத்தான். மறுநாள் கூப்பிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "நீ ஏன் மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்னே?" ஹாரன் ஏன் அடிக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அந்த வாரம் அவனுக்கு ஓவர்டைம் இல்லை. "இனிமே எதைப் பாத்தாலும் வாயைத் திறக்க மாட்டேன் மாமா" என்கிறான். ஒரே வாரத்தில் ஒருவனுடைய கண்ணையும் வாயையும் அடைத்துவிட்டார்கள். அவன் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வது?

இது புதிதில்லை. முப்பது வருடத்துக்கு மேல் நான் எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸில் இருந்தேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். அவர்கள் கொடுத்த மெடிக்கல் கார்டில்தான் இன்னமும் பிரஷர் மாத்திரை வாங்குகிறேன். அங்கே ஒரு நைட் ஷிஃப்டில் ஒரு ஓவர்ஹெட் கிரேன் ஆபரேட்டர் காலி ஹூக்கை மேலே தூக்கியிருக்கிறார். உச்சிக்குப் போனதும் லிமிட் ஸ்விட்ச் மோட்டாரை நிறுத்த வேண்டும். நிறுத்தவில்லை. மனிதர் கவனமாக இருந்ததால் கையாலேயே கன்ட்ரோலரை ஜீரோவுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அப்படி நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்று கிரேன் பக்கம் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஹூக் பிளாக் மேலே போய் டிரம்மில் முட்டும், ரோப் அறும், அத்தனை கனமும் கீழே வரும்.

ஆபரேட்டர் யோக்கியமாக லாக் புக்கில் எழுதி வைத்தார். காலையில் என்ன நடந்தது? "ஹூக்கை அவ்வளவு மேல ஏன் கொண்டு போனே? லிமிட் ஸ்விட்ச்சை நம்பியா கிரேன் ஓட்டுறே?" என்று அவருக்கு மெமோ. லிமிட்டை நம்பி ஓட்டக்கூடாது என்பது சரியான விதிதான், மறுக்கவில்லை. ஆனால் அன்றைய கேள்வி அதுவா? எங்கள் ஆட்கள் ஏறிப் பார்த்தார்கள். உள்ளே காண்டாக்ட் ஒட்டிப் போயிருந்தது. அரை மணி நேர வேலை. அதே மாடல் கிரேன் பக்கத்து பேயில் இரண்டு இருந்தன. அவற்றின் லிமிட்டையும் கழற்றிப் பார்க்க வேண்டும், கிரேனை நிறுத்திக் கொடுங்கள் என்று நான் எழுதிக் கேட்டேன். மாதக் கடைசி, டெஸ்பாட்ச் நேரம், கொடுக்கவில்லை. அடுத்த மாதம் கேட்டேன். "அது ஆபரேட்டர் தப்புன்னு முடிச்சாச்சே, மறுபடி எதுக்கு?" என்றார்கள். மெமோ கொடுத்ததுமே காரணம் கண்டுபிடித்தாகிவிட்டது, கோப்பு மூடியாகிவிட்டது!

அதன் பிறகு அந்த ஷாப்பின் லாக் புக்குகளைப் புரட்டிப் பார்த்தால் ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரே வாசகம்தான். "கிரேன் ஓ.கே." ஏழு மாதம் எல்லாம் ஓ.கே. எட்டாவது மாதம் பக்கத்து பேயில் ரோப் அறுந்தது. கீழே நின்ற ஒப்பந்தத் தொழிலாளிக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. விசாரணையில் அந்தக் கிரேனின் ஆபரேட்டர் இரண்டு வாரமாகவே லிமிட் சரியாக வேலை செய்யவில்லை என்றார். "அப்புறம் ஏன்யா எழுதல?" என்று அதிகாரி மேஜையைத் தட்டினார். ஆபரேட்டர் அமைதியாகச் சொன்னார்: "எழுதினவருக்கு என்ன கிடைச்சுதுன்னு பாத்தேன் சார்."

அந்த அறையில் எட்டுப் பேர் இருந்தோம். யாரும் பேசவில்லை. விசாரணை அறிக்கையில் அந்த வாசகமும் வரவில்லை.

இதே மாதிரிதான் வாசலில் வைக்கிற அந்தப் போர்டும். "விபத்தில்லாத நாட்கள்: 412" என்று பச்சை எழுத்தில் இருக்கும். ஆயிரம் நாள் ஆனால் எல்லோருக்கும் ஸ்வீட் பாக்ஸ், டிபன் கேரியர், சில இடங்களில் இன்சென்டிவ். நல்ல எண்ணத்தில் ஆரம்பித்ததாகவே இருக்கட்டும். ஆனால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். 990-வது நாள் ஒருவன் விரலை நசுக்கிக்கொண்டால், அவன் தன் விரலைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் ஷாப் முழுக்க அவனை முறைக்கும். "பத்து நாள் பொறுத்துக்க மாட்டியா?" என்பார்கள். கையில் கட்டோடு ஆளைக் கூட்டி வந்து ஆபீஸில் உட்கார வைத்து, 'வேலைக்கு வந்தார்' என்று கணக்குக் காட்டியதைப் பார்த்தவன் நான். உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். நடந்த விபத்தையே மறைக்கிற இடத்தில், நடக்காத விபத்தை எவன் வந்து சொல்லப் போகிறான்?

போர்டில் ஏறும் எண் எதையும் காட்டாது என்பதற்குப் பெரிய சாட்சி ஒன்று உண்டு. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடை வெடித்தது. 11 பேர் இறந்தார்கள். அதே நாளில்தான் கம்பெனிப் பெரியவர்கள் ஹெலிகாப்டரில் அந்த மேடைக்கு வந்திருந்தார்கள். ஏழு வருடமாக வேலைநாள் இழப்பு ஏற்படுத்தும் விபத்து ஒன்றுகூட இல்லை என்று ஊழியர்களைப் பாராட்டுவதும் அந்த வருகையின் ஒரு நோக்கம். வழுக்கி விழுந்தவர்களின் கணக்குச் சுத்தமாக இருந்தது. கிணற்றின் கணக்கு வேறாக இருந்தது.

இதில் இன்னொரு விஷயம் என்னைத் தூங்கவிடாமல் அடித்தது. அதற்கு நான்கே மாதம் முன்னால், 2009 டிசம்பரில், அதே கம்பெனி வட கடலில் நடத்திய இன்னொரு மேடையில் கிட்டத்தட்ட இதே மாதிரி கிணற்றிலிருந்து எண்ணெயும் வாயுவும் பொங்கி வந்தது. அங்கே அடைத்துவிட்டார்கள், தப்பித்தார்கள். அதைப் பற்றி கம்பெனிக்குள் விளக்கப் படமும் தயாரித்தார்கள், அறிவுறுத்தலும் எழுதினார்கள். அது டீப்வாட்டர் ஹொரைசனில் இருந்தவர்கள் கைக்குப் போய்ச் சேரவில்லை என்று அமெரிக்க அதிபர் நியமித்த விசாரணைக் குழு எழுதியது. தப்பியதைச் சொன்னால் மட்டும் போதாது, அது போக வேண்டியவன் காதுக்குப் போக வேண்டும்.

கடல் கடந்து போவானேன்? நம்மூர்க்காரர்கள் கல்கத்தாவுக்குப் போகவர ஏறும் கோரமண்டல் எக்ஸ்பிரஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூன் 2, ஒடிசாவில் பாலசோர் பக்கம் பஹனகா பஜார் ஸ்டேஷன். சிக்னல் மெயின் லைனுக்குப் பச்சை காட்டியது. தண்டவாளத்தின் பாயிண்ட் லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. முழு வேகத்தில் வந்த வண்டி, லூப் லைனில் நின்ற கூட்ஸ் வண்டியில் மோதியது. தடம் புரண்ட பெட்டிகள் எதிர்ப்பக்கம் போன பெங்களூர்-ஹவுரா வண்டியின் மேலும் விழுந்தன. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். சென்னை சென்ட்ரலில் சொந்தக்காரர்கள் காத்துக் கிடந்ததை டிவியில் பார்த்தோம்.

ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை அறிக்கை சொன்ன காரணம், சிக்னல் வயரிங்கில் செய்த தவறு. அதோடு நின்றிருந்தால் எவனோ ஒருவன் வயரை மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று நாமும் படித்துவிட்டுப் போயிருப்போம். அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. 2022 மே 16 அன்று, அதே தென்கிழக்கு ரயில்வேயின் அதே கரக்பூர் கோட்டத்தில், பாங்க்ரா நயாபாஜ் ஸ்டேஷனில், தவறான வயரிங்காலும் கேபிள் கோளாறாலும் சிக்னல் காட்டிய வழி ஒன்று, வண்டி போன வழி ஒன்று என்று ஆகியிருக்கிறது. அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தலைப்பாகையோடு போயிற்று! அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வயரிங்கைச் சரிபார்க்கும் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் பஹனகா பஜார் நடந்திருக்காது என்பதுதான் ஆணையரின் முடிவு. பஹனகா பஜார் ஸ்டேஷனிலேயே பாயிண்டுகள் திரும்பத் திரும்ப வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்டதை சிக்னல் பிரிவுக்குச் சொல்லியிருந்தால் அவர்கள் கண்டுபிடித்திருக்கலாம் என்றும் அறிக்கை சொல்கிறது.

அதுவாவது அந்தக் கோட்டத்தோடு போகட்டும் என்றால், 2023 பிப்ரவரி 8 அன்று கர்நாடகத்தில் ஹொசதுர்கா ரோடு ஸ்டேஷனில் சம்பர்க் கிராந்தி எக்ஸ்பிரஸுக்கும் இதே கதை வந்தது. லோகோ பைலட் விழிப்பாக இருந்து வண்டியை நிறுத்தியதால் ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளே தென்மேற்கு ரயில்வேயின் மூத்த இயக்க அதிகாரி, சிக்னல் முறையில் பெரிய ஓட்டை இருக்கிறது, சரிசெய்யாவிட்டால் பெரிய விபத்து வரும் என்று எழுதினார். அதற்குப் பிறகு நான்கு மாதம்கூட ஆகவில்லை, பஹனகா பஜார் நடந்தது. இரண்டு முறை கடவுள் கதவைத் தட்டிச் சொன்னார் என்று என் மனைவி சொல்வாள். கதவைத் திறக்க வேண்டியவர்கள் நாம்தானே?

விபத்துக்குப் பிறகு மூன்று ரயில்வே ஊழியர்களை சி.பி.ஐ. கைது செய்தது. அந்த வழக்கைப் பற்றிப் பேச நான் ஆளில்லை. ஆனால் நாடெங்கும் சிக்னல் பிரிவில் வயர் பிடிக்கிற ஆயிரக்கணக்கானவர்கள் அந்தச் செய்தியைப் படித்திருப்பார்கள். நாளைக்கு ஒருவன் தன் ரிலே ரூமில் எங்கோ வயர் மாறியிருப்பதைப் பார்த்தால், ஓடிப்போய்ச் சொல்வானா, சத்தமில்லாமல் மாற்றிவிட்டு டீ குடிக்கப் போவானா? இரண்டாவது என்றால் அந்த ஒரு ஸ்டேஷன் பிழைக்கும். அதே தவறு இருக்கிற மற்ற ஸ்டேஷன்கள்?

"தண்டனையே கிடையாது என்றால் ஒழுங்கு எப்படி ஐயா வரும்? ஒவ்வொருவனும் தப்பு செய்துவிட்டு ஒரு காகிதத்தை நீட்டித் தப்பித்துவிட மாட்டானா?" என்று என் பழைய நண்பர் ஒருவர், மேனேஜராக ஓய்வு பெற்றவர், நடைப்பயிற்சியில் என்னோடு வாரக்கணக்கில் மல்லுக்கு நிற்கிறார். நியாயமான கேள்விதான். பதிலை நான் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, விமானத் துறை ஐம்பது வருடம் முன்பே கண்டுபிடித்துவிட்டது.

1974 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில் வாஷிங்டன் அருகே ஒரு டி.டபிள்யூ.ஏ. விமானம் தரையிறங்கப் போகும்போது, வரைபடத்தையும் கட்டுப்பாட்டு அறையின் அனுமதியையும் தவறாகப் புரிந்துகொண்டு மலையில் மோதியது. 92 பேரும் இறந்தார்கள். விசாரித்தால், ஆறு வாரம் முன்னால் யுனைடெட் கம்பெனி விமானம் ஒன்று அதே குழப்பத்தால் அதே மலையில் மோதாமல் மயிரிழையில் தப்பியிருக்கிறது. அந்தக் கம்பெனி தன் பைலட்டுகளை எச்சரித்துவிட்டது. பக்கத்துக் கம்பெனிக்காரனுக்குத் தெரியாது. இதற்குப் பிறகு, தப்பியதை எல்லாம் ஒரே இடத்துக்குச் சொல்லுங்கள் என்று விமானப் போக்குவரத்து அமைப்பு கேட்டது. பைலட்டுகள் தயங்கினார்கள். லைசென்ஸைப் பறிக்கிறவனிடமே போய் என் தப்பைச் சொல்வேனா? அதனால் 1976-ல் அந்த வேலையை நாசாவிடம் கொடுத்தார்கள். நாசா லைசென்ஸும் கொடுப்பதில்லை, அபராதமும் போடுவதில்லை. ரிப்போர்ட் வந்ததும் எழுதியவர் பெயரை எடுத்துவிடுவார்கள். சம்பவம் நடந்து 10 நாளுக்குள் சொல்லிவிட்டால், அது வேண்டுமென்றே செய்ததில்லை என்றால், விதிமீறல் என்று தீர்ப்பானாலும் தண்டனை கிடையாது. குற்றச் செயலுக்கும் நடந்துவிட்ட விபத்துக்கும் இந்தச் சலுகை இல்லை. இந்த முறை இன்றும் நடக்கிறது, லட்சக்கணக்கான ரிப்போர்ட்டுகள் வந்திருக்கின்றன.

நண்பருக்கு நான் சொல்வது இதுதான். குடித்துவிட்டு கிரேன் ஓட்டினவனையும், வேண்டுமென்றே கார்டைக் கழற்றிப் போட்டவனையும் தாராளமாகத் தண்டியுங்கள், முதல் ஆளாக நான் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கண்ட கோளாறை வந்து சொன்னவனுக்கு மெமோ கொடுத்தால் ஒழுங்கு வராது, ஊமைகள்தான் வருவார்கள். இன்க்ரிமென்ட் போடுகிற கையும் நியர் மிஸ் படிவம் வாங்குகிற கையும் ஒரே கையாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான் நான் கேட்பது.

இப்போது சில இடங்களில் அடுத்த பைத்தியம் பிடித்திருக்கிறது. அமெரிக்காவில் ஹெய்ன்ரிச் என்று ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர் 1931-ல் எழுதிய புத்தகத்தில், ஒரு பெரிய காயத்துக்கு 29 சின்னக் காயம், காயமே இல்லாத 300 சம்பவம் என்று ஒரு கணக்குச் சொன்னார். அந்த முக்கோணப் படம் இல்லாத பாதுகாப்பு வகுப்பே கிடையாது. அவர் சொன்னது அவர் பார்த்த கோப்புகளின் கணக்கு. இவர்கள் அதை வாய்ப்பாடு மாதிரி எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு டிபார்ட்மென்டும் மாதம் இத்தனை நியர் மிஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்று டார்கெட் வைக்கிறார்கள். மாதக் கடைசி நாளில் கூட்டமாக உட்கார்ந்து எழுதுவார்கள்: "கேன்டீன் வாசலில் தண்ணீர் சிந்தியிருந்தது." "ஒருவர் செல்போன் பார்த்துக்கொண்டு நடந்தார்." எழுதத் தெரிந்தவன் எல்லோருக்குமாக எழுதிக் கொடுப்பான். டார்கெட் முடிந்தது. பாய்லர் பக்கம் கசிகிற வால்வைப் பற்றி ஒரு வரி இருக்காது. அதை எழுதினால் பிளான்டை நிறுத்த வேண்டியிருக்குமே!

இதையெல்லாம் விடப் பெரிய ஓட்டை ஒப்பந்தத் தொழிலாளி. ஆபத்தான வேலை எல்லாம் இன்று அவன் தலையில்தான். டாங்கில் இறங்குவது அவன், சாரம் ஏறுவது அவன், ராத்திரி கிளீனிங் அவன். எது எங்கே ஆடுகிறது, எது எங்கே கசிகிறது என்று முதலில் பார்ப்பதும் அவன்தான். அவனுக்குப் படிவம் இங்கிலீஷில் இருக்கும். இந்திக்காரப் பையனாக இருந்தால் தமிழும் உதவாது. சொன்னால் மெமோகூட வராது, "நாளைலேருந்து வர வேணாம்" என்று மேஸ்திரி வாய்வார்த்தையாகச் சொல்லிவிடுவார். அவன் சொல்வதைக் கேட்க வழி செய்யாமல் அச்சடிக்கிற எந்தப் படிவமும் வேஸ்ட் பேப்பர்தான்.

சட்டம் இல்லையா என்றால், என் சர்வீஸ் காலத்திலேயே இருந்தது. 1948-ம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் 88-ஏ என்று ஒரு பிரிவைப் பிற்பாடு சேர்த்தார்கள். விதிகளில் சொல்லியிருக்கும் ஆபத்தான நிகழ்வு எது நடந்தாலும், யாருக்கும் காயம் பட்டதோ இல்லையோ, தகவல் கொடுத்தே ஆக வேண்டும் என்பது அது. போபாலுக்குப் பிறகு 1987-ல் கொண்டுவந்த திருத்தத்தில் 41-எச் வந்தது. அபாயகரமான தொழில்களில் உயிருக்கு உடனடி ஆபத்து என்று தோன்றினால் தொழிலாளியே நிர்வாகத்துக்குச் சொல்லலாம், கூடவே இன்ஸ்பெக்டருக்கும் சொல்லலாம் என்று அது உரிமை கொடுத்தது. போபால் ஆலையிலேயே 1981 டிசம்பரில் பாஸ்ஜீன் பட்டு ஒரு தொழிலாளி இறந்தார், அடுத்த வருடமும் கசிவுகள் நடந்தன. ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஊரே எரிமலை மேல் உட்கார்ந்திருக்கிறது என்கிற அளவுக்கு 1982-லேயே எழுதினார். 1984 டிசம்பரில் என்ன நடந்தது என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இத்தனைக்குப் பிறகு வந்த அந்த 41-எச் உரிமையை, நான் சர்வீஸில் இருந்த இத்தனை வருடத்தில், எங்கள் கேட்டுக்குள் ஒருவர்கூடப் பயன்படுத்திப் பார்த்ததில்லை. இப்படி ஓர் உரிமை இருக்கிறது என்று எந்த நோட்டீஸ் போர்டிலும் எழுதிப் போட்டும் நான் பார்க்கவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் சிலரையாவது மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு தினத்துக்குச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். கொடியேற்றுவார்கள், உறுதிமொழி எடுப்பார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டிப் பரிசு கொடுக்கச் சொல்வார்கள். போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சால்வையை வாங்குவதற்கு முன், "உங்க நியர் மிஸ் ரெஜிஸ்டரைக் கொஞ்சம் கொண்டு வாங்க தம்பி" என்று கேளுங்கள். கடைசி மூன்று மாதத்தைப் புரட்டுங்கள். ஒப்பந்தத் தொழிலாளி எழுதியது ஒன்றாவது இருக்கிறதா, எழுதியவனுக்கு என்ன பதில் போயிற்று, எத்தனை நாளில் போயிற்று என்று பாருங்கள். பக்கத்தில் நிற்கிற சேஃப்டி ஆபீஸர் வேர்த்துப் போவார். அவரைத் திட்டாதீர்கள், பாவம், பல இடங்களில் அவருக்கும் ஃபேக்டரி மேனேஜர்தான் இன்க்ரிமென்ட் போடுகிறார். ரெஜிஸ்டரை அந்த மேனேஜர் கையில் கொடுத்து, கசிகிற வால்வைப் பற்றி எழுதிய பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.